பதினைந்தாயிரத்தில் நானூற்று முப்பது

பழைய நைட்ரோ ரிமோட் கார் ஒன்றை 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். அதைச் சரிசெய்ய மேலும் 15,585 ரூபாய் ஆனது. அதில் செத்துக் கிடந்த என்ஜினை நிலையாக ஓட வைத்தது வெறும் 430 ரூபாய்ச் சாமான்தான். மற்ற செலவெல்லாம் வீண் என்று சொல்லவில்லை, பாதிக்கு மேல் தேவையான செலவே. ஆனால் அந்த 430 ரூபாயை முதலிலேயே செலவழித்திருந்தால் 1,400 ரூபாயும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் எனக்கு மிச்சம். பழைய நைட்ரோ வண்டியை வாங்கி வீட்டு மூலையில் வைத்துவிட்டு, "என்ஜின் போச்சாம், புதுசு போடணுமாம்" என்று ஏங்கிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்காகவே என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் கணக்கை இங்கே விரிக்கிறேன்.

முதலில் வண்டி. பத்தில் ஒரு பங்கு அளவு, நான்கு சக்கரமும் இழுக்கும் மான்ஸ்டர் ட்ரக், சீனத் தயாரிப்பு. ஒரே அச்சில் வார்த்த இந்த வண்டி வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு பெயர்களில் விற்கிறது. நான் விலை பேசியதற்கு அதுவே முதல் காரணம். பெயர் எதுவானாலும் ஸ்பர் கியரும் சஸ்பென்ஷன் கையும் ஒன்றுக்கொன்று பொருந்தும். அழகான, அரிதான வண்டியை வாங்கி, உடைந்த ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக ஒரு வருஷம் காத்திருப்பதைவிட, பத்து இடங்களில் சாமான் கிடைக்கும் சாதாரண வண்டி எவ்வளவோ மேல்.

என்ஜின் 2.74 சிசி, டூ ஸ்ட்ரோக். டீஸ்பூனில் பாதிக்குச் சற்று மேல். 110 சிசி ஸ்கூட்டர் என்ஜின் இதைப்போல் நாற்பது மடங்கு பெரியது. ஆனால் இந்த அரை டீஸ்பூன் என்ஜின் சர்வசாதாரணமாக நிமிடத்துக்கு 20,000 சுற்றுச் சுற்றும், நொடிக்கு 333. எரிபொருள் தொட்டி 75 மில்லி. இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கணக்கெல்லாம் விளங்கும்.

வந்த அன்றே எண்ணினேன். மொத்தம் 118 திருகுகள் இருக்க வேண்டிய இடத்தில் 7 காணவில்லை, 11 தலை தேய்ந்தவை. பேரிங் 20, அவற்றில் கையால் சுற்றினால் மணல் உரசுவதுபோல் உணர்ந்தவை 9. பின்பக்க வலது அச்சு வளைந்திருந்தது. ஸ்பர் கியரில் நான்கு பல் இல்லை. ரேடியோ பழைய 27 மெகாஹெர்ட்ஸ், ஆன்டெனா பாதியில் ஒடிந்தது. என்ஜின் இறுகிப்போய் அசையவே இல்லை. வண்டியைப் பார்த்த கடைக்காரர் ஒருவர் புது என்ஜின், சைலன்சர், கூலி எல்லாம் சேர்த்து 14,200 ரூபாய் என்றார். அந்த எண்ணையும் நோட்டில் எழுதி வைத்தேன்.

இறுகிப்போன நைட்ரோ என்ஜின் பெரும்பாலும் கெட்டுப்போன என்ஜின் அல்ல. இந்த எரிபொருளில் மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் போக மசகு எண்ணெயும் கலந்திருக்கும், பல எரிபொருள்களில் அது ஆமணக்கெண்ணெய். ஓட்டி முடித்தபின் தொட்டியையும் என்ஜினையும் காலி செய்யாமல் வைத்தால் மெத்தனால் ஆவியாகிவிடும், ஆமணக்கு மட்டும் உள்ளே தங்கி நாளடைவில் வார்னிஷ்போல் கெட்டிப்படும். அங்கே ஒட்டிக்கொண்டிருப்பது பசைதான், உலோகம் உலோகத்தோடு கவ்விக்கொள்ளவில்லை. பசையைக் கரைக்கலாம். இழுகயிற்றைப் பிடித்து வெறிகொண்டு இழுப்பது மட்டும் கூடாது. கயிறு அறுந்தால் லாபம், கனெக்டிங் ராடு வளைந்தால் என்ஜின் நிஜமாகவே போய்விடும்.

என்ஜினைக் கழற்றி, ரப்பர் சாமான்களை எல்லாம் எடுத்துவிட்டு, கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட்டில் முக்கி, கொதிக்கவிடாமல் 90 டிகிரி அளவில் நான்கு மணி நேரம் வைத்தேன். சமையலுக்கு இனி ஒருபோதும் பயன்படுத்தாத பழைய பாத்திரம், கொல்லையில் தனி அடுப்பு. கூலன்ட் விஷம், அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. வெளியே எடுத்தபோது காப்பிக் கறைபோல் படிந்திருந்த பழுப்பெல்லாம் கையோடு வந்தது. பிளக் ஓட்டை வழியாக மெல்லிய எண்ணெய் பத்துச் சொட்டு விட்டு, ஃபிளைவீலை இரண்டு விரலால் முன்னும் பின்னும் ஆட்டினேன். முதலில் அசைவே இல்லை. பத்து நிமிஷம் கழித்து மயிரிழை நகர்ந்தது. பிறகு கால் சுற்று. பிறகு ஒரு முழுச் சுற்று, உச்சியில் மட்டும் "கிர்" என்று ஒரு பிடி.

அந்தப் பிடி கையில் பட்டபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமல்ல. இந்த வகை என்ஜினில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. அலுமினிய பிஸ்டன், உள்ளே குரோம் பூசிய பித்தளை ஸ்லீவ். ஸ்லீவ் மேலே போகப் போகக் குறுகும். குளிர்ந்த நிலையில் பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது இறுக்கிப் பிடிக்க வேண்டும், சூடேறினால் ஸ்லீவ் விரிந்து இடைவெளி சரியாகிவிடும். அந்தப் பிடி இருந்தால் என்ஜினுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது என்று பொருள். ஃபிளைவீல் உச்சியைத் தடையே இல்லாமல் வழுக்கிக் கடந்தால்தான் புது பிஸ்டன் ஸ்லீவ் பற்றி யோசிக்க வேண்டும். பழைய வண்டி வாங்கப் போகிறவர் பிளக் மாட்டிய நிலையில் ஃபிளைவீலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாலே போதும், பாதிக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

இவ்வளவு நேரம் ஒழுங்காகச் செய்துவிட்டு, பூட்டும்போதுதான் தப்புச் செய்தேன். கழற்றி வைத்த பழைய ஓ-ரிங்குகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. 60 ரூபாய் மிச்சம் பிடிக்கலாம் என்று அவற்றையே திரும்பப் போட்டேன்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. ஐந்தாவது இழுப்பில் சத்தம் வந்து, வீடே நீலப் புகையும் ஆமணக்கு வாசனையுமாக நிறைந்தது. ஆனால் அரைத் தொட்டி தீர்ந்ததும் நடத்தை மாறியது. திராட்டிலை விட்டாலும் என்ஜின் இறங்காமல் நாலைந்து நொடி கத்திக்கொண்டே நிற்கும். ஒரு முறை ஐடிலில் அமைதியாக நிற்கும், அடுத்த முறை தானாக வேகமெடுக்கும், அதற்கடுத்த முறை அணைந்துவிடும். கார்புரேட்டரில் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் நீடிலைக் கால் திருப்புத் திறந்தால் சரியாவதுபோல் இருக்கும், இரண்டு நிமிஷத்தில் பழைய கதை. மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொன்றிலும் மூன்று மணி நேரம் நீடிலோடு போராடினேன். கார்புரேட்டர்தான் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி 1,400 ரூபாய்க்குப் புதிது வாங்கிப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை.

அப்போது என் மகள்தான் நோட்டைப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஐடிலில் இருக்கும் என்ஜினின் எரிபொருள் குழாயை விரலால் நசுக்கி, எத்தனை நொடியில் அணைகிறது என்று எண்ணும் சோதனை ஒன்று உண்டு. வேகம் லேசாக ஏறி, மூன்று அல்லது நான்கு நொடியில் அணைந்தால் கலவை சரி. ஒரே நொடியில் அணைந்தால் எரிபொருள் குறைவு, இழுத்துக்கொண்டே போனால் அதிகம். நான் நசுக்குவேன், அவள் உரக்க எண்ணி எழுதுவாள். அன்றைய பக்கத்தில் நீடிலைத் தொடாமலே எடுத்த எண்கள் இப்படி இருந்தன: 1, 6, 2, 5, 1.

"அப்பா, நீங்க ஒண்ணுமே திருப்பலையே, அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் வேற வேற வருது?"

கார்புரேட்டர் தப்பாக இருந்தால் எண் தப்பாக வரும், ஆனால் ஒரே தப்பாக வரும். எண்ணே நிலையில்லாமல் ஆடினால் நமக்குத் தெரியாத வழியில் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். அன்றே என்ஜினைக் கழற்றினேன். எக்ஸாஸ்ட் வாயை ரப்பரால் அடைத்து, அதில் ஒரு குழாய் செருகி, கார்புரேட்டர் வாயையும் எரிபொருள் நுழையும் முனையையும் அடைத்து, சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் எல்லா மூட்டிலும் பூசி, வாயால் ஊதினேன். கார்புரேட்டர் கழுத்தில், அந்தப் பழைய ஓ-ரிங் உட்கார்ந்திருந்த இடத்தில், கடுகளவு குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. பின்தகட்டின் கீழ் மூலையில் ஒரு பெரிய குமிழி மெதுவாக ஊதி வெடித்தது. எரிபொருள் தொட்டியைத் தனியாகத் தண்ணீர் மக்கில் முக்கி ஊதினால் மூடியிலிருந்தும் குமிழி. சைலன்சரிலிருந்து வரும் அழுத்தம்தான் இந்த வண்டியில் எரிபொருளைத் தள்ளுகிறது, பம்ப் கிடையாது. மூடி கசிந்தால் அழுத்தம் குறையும், தொட்டி காலியாகக் காலியாக என்ஜினுக்குப் போகும் எரிபொருள் இன்னும் குறையும். அரைத் தொட்டிக்குப் பின் கோளாறு தொடங்கியதற்கு விடை அந்த மக்கில் இருந்தது.

இதோ அந்த 430 ரூபாய்: பல அளவில் ஆறு ஓ-ரிங் 60, அதிக வெப்பம் தாங்கும் சிலிகான் சீலன்ட் ஒரு டியூப் 150, சிலிகான் எரிபொருள் குழாய் ஒரு மீட்டர் 120, எக்ஸாஸ்டையும் சைலன்சரையும் சேர்க்கும் சிலிகான் இணைப்பு 90, கேபிள் டை 10. பின்தகட்டில் சீலன்ட்டை நகத்தால் வழித்ததுபோல் மெல்லிசாகப் பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். அதிகம் பூசினால் பிதுங்கி உள்ளே விழுந்து ஓட்டையை அடைத்துவிடும். குழாய் வாங்கும்போது சிலிகான்தானா என்று கேட்டு வாங்க வேண்டும். பெட்ரோலில் சிலிகான் ஊதிப்போகும், நைட்ரோவுக்கு அதுவே சரி.

மறுவாரம் மகள் எழுதிய வரிசை: 3, 3, 4, 3, 3. பழைய கார்புரேட்டரைத்தான் திரும்ப மாட்டியிருந்தேன்.

காற்றைப் பற்றி இன்னொரு கணக்கு. டூ ஸ்ட்ரோக் என்ஜின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை காற்றிழுக்கும். 2.74 சிசியை 20,000-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 54.8 லிட்டர். கார்புரேட்டர் முழுக்கத் திறக்காத நேரமெல்லாம் இது குறையும், பாதி என்றே வைத்தாலும் ஒன்பது நிமிஷம் ஓடும் ஒரு தொட்டிக்கு 246 லிட்டர் காற்று. குடத்தில் அளந்தால் பதினைந்து குடத்துக்கு மேல். அத்தனையும் சக்கரம் கிளப்பும் புழுதிக்கு நடுவிலிருந்து வருகிறது. கண்ணுக்குத் தெரியாத மண் துகள் குரோம் பூச்சை அரைத்தால் அந்த "கிர்" பிடி சில நாளில் போய்விடும். ஆகவே ஃபோம் ஃபில்டர் 180, அதற்கான எண்ணெய் 250. எண்ணெய் ஊறாத ஃபோம் புழுதியைப் பிடிக்காது. நான் மூன்று தொட்டிக்கு ஒரு முறை ஃபில்டரைக் கழுவி, பிழிந்து, காயவைத்து, மறுபடி எண்ணெய் ஊற்றிப் பிசைகிறேன். இதில் சோம்பல்பட்டால் 14,200 ரூபாய் ரசீது மறுபடி கண்முன் வரும்.

குளோ பிளக் இரண்டு, 640 ரூபாய். ஒன்று போதும், ஆனால் மைதானத்தில் கருகிப்போனால் அன்றைய நாளே போய்விடும். அமெரிக்கரான ரே ஆர்டன் 1947-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்தச் சின்னச் சாமான்தான் குட்டி என்ஜின்களின் சுமையையே குறைத்தது. அதற்குமுன் ஸ்பார்க் பிளக், காயில், பாட்டரி எல்லாவற்றையும் மாடல் விமானம் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டும். குளோ பிளக்கில் இருக்கும் பிளாட்டினக் கம்பிச் சுருளுக்கு முதலில் ஒன்றரை வோல்ட் கொடுத்தால் போதும், ஓடத் தொடங்கியபின் மெத்தனால் ஆவி பட்டு அதுவே தணல்போல் நின்றுகொள்ளும். பிளக்கில் சூடு, நடுத்தரம், குளிர் என்று வகைகள் உண்டு. ஒசாகாவில் 1936-ல் தொடங்கிய ஓ.எஸ். நிறுவனத்தின் வரிசையில் 8-ம் எண் நடுத்தரம், ஏ3 சூடு. சிறிய என்ஜினுக்கும் குறைந்த நைட்ரோவுக்கும் சூடான பக்கம் சாய்வது வழக்கம். கழற்றிப் பார்க்கும்போது சுருள் ஈரமாகச் சாம்பல் நிறத்தில் இருந்தால் நல்லது, வெளுத்து நெளிந்திருந்தால் எரிபொருள் போதவில்லை.

இனி பேரிங். பொட்டலத்தில் வண்டியின் பெயர் போட்டு விற்கும் பேரிங்குகளை நான் வாங்கவில்லை. இவை எல்லாம் உலகம் முழுக்க ஒரே அளவுக்கு வரும் சாமான். உள்விட்டம் 5, வெளிவிட்டம் 10, தடிமன் 4 மில்லிமீட்டர் என்றால் எம்.ஆர்.105. 10, 15, 4 என்றால் 6700. இந்த 4 மில்லிமீட்டர் தடிமன் இருபுறமும் மூடியுள்ள வகைக்கு, ஆகவே இசட் இசட் சேர்த்துக் கேட்க வேண்டும். கோயம்புத்தூரில் மோட்டாருக்கும் பம்புக்கும் சாமான் விற்கும் கடையிலேயே இரண்டும் கிடைத்தன. சின்னது ஐந்து, 45 வீதம் 225. பெரியது நான்கு, 70 வீதம் 280. ஆக 505. மீதிப் பதினொன்றைக் கழுவி எண்ணெய் விட்டு மாட்டினேன், இன்றுவரை குறையில்லை. இருபதையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கிளட்ச் பெல்லுக்குள் இருக்கும் இரண்டை மட்டும் யோசிக்காமல் மாற்றலாம், வண்டியிலேயே அதிகச் சூட்டில் வேலை செய்பவை அவைதான்.

வளைந்த பின் அச்சுதான் எனக்குப் பிடித்த கதை. அசல் சாமான் 190 ரூபாய்தான். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க அனுப்புக்கூலி 600, காத்திருப்பு 24 நாள், அதற்கு மேல் சுங்கவரி. பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை மத்திய அரசு 2020 பிப்ரவரியில் 20 விழுக்காட்டிலிருந்து 60-க்கும், 2023-ல் 70-க்கும் உயர்த்தியது. ரிமோட் காரும் அந்த வகையில் வருகிறது. சின்ன உதிரிக்குக்கூட இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் வண்டியை வாங்கினால் பின்னால் வருத்தம்தான்.

கோயம்புத்தூரின் கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறைக்கு வளைந்த அச்சை எடுத்துக்கொண்டு போனேன். பட்டறைக்கார அண்ணன் கையில் வாங்கி, வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார்.

"இது எந்த மெஷினுக்குங்க தம்பி?"

"ரிமோட் காருங்கண்ணா."

"ஓடுனா இது எத்தனை சுத்து சுத்தும்?"

நான் சொன்ன எண்ணைக் கேட்டதும் அவர் வெர்னியரை வைத்துவிட்டு மைக்ரோமீட்டரை எடுத்தார். ஒரு முனை 10 மில்லிமீட்டர், மறுமுனை 5, நுனியில் எம்4 மரை, சக்கர ஹெக்ஸைப் பிடிக்கும் குறுக்குப் பின்னுக்கு 2 மில்லிமீட்டர் ஓட்டை. "மைல்டு ஸ்டீல் வேண்டாங்க, திரும்ப வளையும். இ.என்.24 போட்டுத் தர்றேன்" என்றார். 550 ரூபாய், இரண்டு நாள். பேரிங் உள்வளையம் அச்சில் கட்டைவிரல் அழுத்தத்தில் ஏறி நின்றது, சுத்தியல் தேவைப்படவில்லை. அசல் அச்சைவிட இது நல்ல அச்சு என்று தயங்காமல் சொல்வேன்.

ஸ்பர் கியருக்கு வந்தேன். பிளாஸ்டிக்கில் இரட்டைப் பல்சக்கரம் 450, இரும்பில் அதைவிட மூன்று மடங்கு. பலரும் இரும்பு வாங்கச் சொன்னார்கள். நான் பிளாஸ்டிக்கே வாங்கினேன், அது விலைக்காக அல்ல. வீட்டு மின்சாரத்துக்கு ஃபியூஸ் எப்படியோ அப்படித்தான் இந்த வண்டிக்கு ஸ்பர் கியர். கல்லில் சக்கரம் மாட்டி, என்ஜின் முழு வேகத்தில் இருந்தால் எங்காவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஸ்பர் விட்டுக்கொடுத்தால் 450. இரும்பு ஸ்பர் விட்டுக்கொடுக்காது, அடி நேராக டிஃபரன்ஷியலுக்குப் போகும், அங்கே முழுப் பெட்டியையும் பிரிக்க வேண்டும். பழைய வண்டியில் நான்கு பல் போனதே அது தன் வேலையைச் செய்ததற்குச் சாட்சி. பொருத்தும்போது கிளட்ச் பெல்லுக்கும் ஸ்பருக்கும் நடுவில் நாளிதழ்த் துண்டு ஒன்றைக் கொடுத்து, இரண்டையும் நெருக்கி என்ஜின் திருகுகளை முறுக்கினேன். காகிதம் கிழியாமல், நெளிவு மட்டும் பதிந்து வெளியே வந்தால் இடைவெளி சரி.

இந்த அறிவு எனக்கு முன்பே இருந்திருந்தால் அலுமினிய சஸ்பென்ஷன் கைகளுக்கு 1,250 ரூபாய் கொடுத்திருக்க மாட்டேன். நீல நிறத்தில் பளபளக்கும், பார்க்க அத்தனை அழகு. நைலான் கை வளைந்து பழைய நிலைக்குத் திரும்பும். அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான், வளையாவிட்டால் அடியை சேஸிஸுக்கும் ஷாக்குக்கும் அனுப்பிவிடும். இரண்டாவது ஓட்டத்திலேயே முன் ஷாக்கின் தண்டு வளைந்தது. தண்டைத் தட்டி நிமிர்த்திவிட்டுப் பழைய நைலான் கைகளையே மாட்டினேன்.

திருகுகள் எம்3, நாற்பது, 120 ரூபாய். தலை தேய்ந்த திருகுகளுக்குக் காரணம் திருகு அல்ல, வட்டமாகிப்போன எல்-சாவி. நல்ல எஃகில் 2 மில்லிமீட்டரும் இரண்டரை மில்லிமீட்டரும் இரண்டு ஹெக்ஸ் டிரைவர் 480 ஆனது, அந்தச் செலவில் கையைச் சுருக்க வேண்டாம். உலோகத்தில் இறங்கும் திருகுக்கு மட்டும் நீல மரைப்பசை, பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகுக்குக் கூடாது, பிளாஸ்டிக் வெடிக்கும். ஷாக்குக்கு 350 சிஎஸ்டி சிலிகான் எண்ணெய், டிஃபரன்ஷியலுக்கு 5,000 சிஎஸ்டி. டயரில் பின் ஜோடி மட்டும் மாற்றினேன்.

செலவிலேயே பெரிய உருப்படி ரேடியோ. ரிமோட் செட் 3,200, ஸ்டியரிங்குக்கு மெட்டல் கியர் சர்வோ 420, ஐந்து செல் ரிசீவர் பாட்டரி 650, ஆக 4,270. மொத்தச் சீரமைப்பில் 27 விழுக்காடு. இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. மின்சார வண்டியில் சிக்னல் போனால் பெரும்பாலும் மோட்டார் நின்றுவிடும். நைட்ரோவில் சிக்னல் போனால் சர்வோ கடைசியாக இருந்த இடத்திலேயே நிற்கலாம், மூன்று கிலோ வண்டி முழு வேகத்தில் யார் காலிலாவது போய் மோதும். சிக்னல் அறுந்ததும் சர்வோவைப் பிரேக்குக்குக் கொண்டுபோகும் ஃபெயில்சேஃப் இருக்கிற 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்தான் வேண்டும். மாட்டியதும் வண்டியைத் தூக்கி வைத்து, ரிமோட்டை அணைத்து, பிரேக் பிடிக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் தரையில் விடுகிறேன், ஒவ்வொரு ஞாயிறும். சாதாரண ரீசார்ஜ் பென்சில் செல் நான்கைப் போட்டால் 4.8 வோல்ட்தான் வரும், சர்வோ சோர்ந்துபோகும். ஐந்து செல் என்றால் 6 வோல்ட்.

நோட்டின் கூட்டல் பக்கம் இப்படி நிற்கிறது:

கழற்றல், கழுவல், டிரைவர் — 980
காற்றடைப்பு — 430
பிளக், ஃபில்டர், இழுகயிறு — 1,110
பேரிங் — 505
ஸ்பர், கிளட்ச், அச்சு — 2,000
திருகு, மரைப்பசை — 260
ஷாக், டிஃபரன்ஷியல் எண்ணெய் — 680
ரேடியோ — 4,270
இக்னைட்டர், வெப்பமானி, எரிபொருள் புட்டி — 1,600
டயர் — 1,100
தேவையில்லாமல் வாங்கியவை — 2,650
மொத்தம் — 15,585

வாங்கிய விலை 6,500 சேர்த்தால் 22,085. தேவையில்லாமல் வாங்கிய கார்புரேட்டரும் அலுமினியக் கைகளும் மட்டுமே 17 விழுக்காடு. காற்றடைப்பு மூன்று விழுக்காடுகூட இல்லை. கடைக்காரர் சொன்ன 14,200-ஐ ஏற்றிருந்தால், அதற்கு மேல் ரேடியோவும் கியர்களும் சேர்ந்து சீரமைப்பு மட்டுமே இருபதாயிரத்தைத் தாண்டியிருக்கும். நேரக் கணக்கு 46 மணி, பதினொரு ஞாயிறு. அதில் கழற்றிக் கழுவியது 14, என்ஜின் இறுக்கம் விடுவித்தது 5, நீடிலோடு வீணாகப் போராடியது 9, காற்றடைப்பு 4.

ஓட்டும் செலவு தனி. எரிபொருளில் நான் எடுத்தது 16 விழுக்காடு நைட்ரோ, 14 விழுக்காடு எண்ணெய், மீதி 70 மெத்தனால். 75 மில்லி தொட்டியில் பிரித்தால் நைட்ரோ 12, எண்ணெய் 10.5, மெத்தனால் 52.5. நைட்ரோ ஏன் சேர்க்கிறார்கள் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் முழுக்க எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு ஆறரை கிலோ போதும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோதான், அது தன்னிடமே ஆக்சிஜன் வைத்திருக்கிறது. அதே அளவு காற்றுக்கு அதிக எரிபொருளை எரிக்கலாம், அதனால் சக்தி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 பிப்ரவரி முதல் 16 விழுக்காட்டுக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள கலவையைப் பொதுமக்கள் உரிமம் இல்லாமல் வாங்க முடியாது, வெடிமருந்துக்குப் பயன்படும் என்பதால். அங்கே பொழுதுபோக்குக்காரர்கள் 16-லேயே நன்றாக ஓட்டுகிறார்கள். பழைய என்ஜினுக்கு அதற்கு மேல் தேவையில்லை என்பது என் அனுபவமும்கூட.

லிட்டர் 1,300 ரூபாய், பதின்மூன்று தொட்டி வரும், தொட்டிக்கு 100. ஒன்பது நிமிஷம் ஓடினால் நிமிஷத்துக்கு 11 ரூபாய். விலை அதிகமாயிருக்கிறதே என்று மெத்தனாலைத் தனியாக வாங்கி வீட்டில் கலக்கும் எண்ணம் யாருக்கும் வர வேண்டாம். தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் உரிம விதிகள் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது இதே மெத்தனால். கண் பார்வையைப் பறிக்கும், தோல் வழியாகவும் உடம்பில் ஏறும், பகல் வெளிச்சத்தில் அதன் நெருப்பு கண்ணுக்கே தெரியாது. என் வீட்டில் எரிபொருள் டப்பாவுக்குத் தனிப் பூட்டு, சாவி என் இடுப்பில்.

ஓட்டும்போது வெப்பமானியைப் பிளக் பக்கம் காட்டி அளக்கிறேன். 93 டிகிரியிலிருந்து 132 வரை இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் போனால் நீடிலைத் திறந்து எரிபொருளைக் கூட்ட வேண்டும். இந்த என்ஜினுக்கு எண்ணெய் எரிபொருளோடுதான் வருகிறது, எரிபொருளைக் குறைத்தால் எண்ணெயையும் குறைத்ததாகிவிடும். ஒரு தொட்டிக்கு வெறும் பத்தரை மில்லி எண்ணெய், அதில்தான் பிஸ்டனும் ஸ்லீவும் உயிர் வாழ்கின்றன.

முதல் லிட்டரில் ஐந்து தொட்டி சீர்செய்வதிலேயே போனது. ஆறாவதிலிருந்து ஓட்டம். நோட்டில் கடைசியாக எழுதியது போன ஞாயிறு: பதினான்காவது தொட்டி, வெப்பம் 112 டிகிரி, நசுக்கல் எண்ணிக்கை 3, 3, 3. ஃபில்டர் கழுவியாயிற்று. தொட்டியைக் காலி செய்து, மிச்சம் உள்ளே எரிந்து தீரும்வரை ஓட்டி, பிளக் ஓட்டையில் ஐந்து சொட்டு எண்ணெய் விட்டு, ஃபிளைவீலைப் பத்துச் சுற்றுச் சுற்றி வைத்தேன். பின் வலது ஹெக்ஸ் லேசாக ஆடுகிறது, குறுக்குப் பின் ஒன்று வாங்க வேண்டும், 15 ரூபாய்.